கணக்கீட்டுப் பட்டம் எதற்கு? கம்பஸும் சீ.ஏ.யும் பற்றி வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, வர்த்தகப் பிரிவில் படித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடும்: கம்பஸுக்குப் போவதா, சீ.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் படிப்பைச் செய்வதா? வெள்ளவத்தையில் ஒரு சித்தப்பா சீ.ஏ. முடித்து நல்ல இடத்தில் இருப்பார், நாலு வருஷத்தைக் கம்பஸில் வீணாக்காதே என்பார். கொட்டாஞ்சேனைப் பெரியம்மா, பட்டம் இல்லாவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்பார். ரியூசன் சேர், முதலில் ஏஏரி என்ற ஆரம்பநிலைக் கணக்கீட்டுப் பரீட்சையைத் தொடங்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்பார். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கம்பஸில் கணக்கீடு படித்தால் என்ன கிடைக்கும், தொழில்சார் பரீட்சையில் என்ன கிடைக்கும் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை. நாலு வருஷம் கழித்துக் கையில் ஒரு பட்டம், பாதியில் நிற்கும் சீ.ஏ., இரண்டிலும் பிடிப்பில்லை என்று நிற்கும் பலரைக் கொழும்பில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகப் பட்டம் உங்களைக் கணக்காளராக்காது, அந்த அதிகாரம் அதற்கு இல்லை. ஒரு இலக்கம் எங்கிருந்து வந்தது, அதை ஏன் நம்பலாம் என்று நாலு பேர் முன்னால் நின்று சொல்லும் பழக்கத்தை அந்த நாலு வருஷத்தில் ஆறுதலாகப் பெறலாம், வேறு எங்கும் அதற்கு இவ்வளவு நேரம் தரமாட்டார்கள். தொழிலில் மேலே போகப் போக உங்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் அதுதான்.

சட்டப்படி நிலைமை என்ன என்று பார்ப்போம். இலங்கையில் பட்டயக் கணக்காளர் என்ற தகுதியைத் தருவது கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில் இருக்கும் பட்டயக் கணக்காளர் நிறுவகம். 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. நாட்டின் கணக்கீட்டு நியமங்களையும் கணக்காய்வு நியமங்களையும், அதாவது கணக்கை எப்படி எழுதுவது, எப்படிப் பரிசோதிப்பது என்ற விதிகளை, வெளியிடுவதும் இந்த நிறுவகம்தான். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரு பகிரங்கக் கம்பனியின் கணக்கைக் கணக்காய்வு செய்து கையெழுத்து வைக்க இந்த நிறுவகத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும். முதல் வகுப்புப் பட்டமோ முதுமாணியோ கையில் இருந்தாலும் உறுப்புரிமை இல்லாமல் அந்தக் கையெழுத்தை வைக்க முடியாது. உறுப்புரிமைக்குப் பரீட்சைகளோடு 3 வருஷச் செயன்முறைப் பயிற்சியும் வேண்டும், அதுவும் நிறுவகம் அங்கீகரித்த இடத்தில். ஆகவே ஓடிட், அதாவது கணக்காய்வுதான் உங்கள் கனவு என்றால் சீ.ஏ. தவிர்க்க முடியாதது. வங்கி, கம்பனி நிதிப் பிரிவு, அரச சேவை, ஆய்வு, ஆசிரியம், வெளிநாட்டு மேற்படிப்பு என்று போகப்போகிறீர்கள் என்றால் பட்டத்தின் பெறுமதி வேறு.

பல்கலைக்கழகப் பக்கம் சுருக்கமாக. கணக்கீட்டுக்கென்றே தனித் துறை ஸ்ரீ ஜயவர்தனபுர, கொழும்பு, களனி, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. கிழக்கு, தென்கிழக்கு, வவுனியாப் பல்கலைக்கழகங்களிலும் வணிக, முகாமைத்துவப் பட்டங்களுக்குள் கணக்கீடு படிக்கலாம். கொழும்பில் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் சொல்வது ஜயவர்தனபுரவைத்தான், புறக்கோட்டையில் 138 பஸ் ஏறி விஜேராம சந்தியில் இறங்கும் அந்த இடம். அனுமதி, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியில்: 40% இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையில், 55% மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5% வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. ஒரே புள்ளி எடுத்த இரண்டு பேர் மாவட்டத்தைப் பொறுத்து வேறு வேறு இடங்களுக்குப் போவது இதனால்தான். விரும்பிய கம்பஸ் கிடைக்கவில்லை என்று அழுது கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இரட்டைப் பதிவும் நியமங்களும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையில் படித்தவரின் ஐந்தொகையும் ஜயவர்தனபுர இருக்கும் கங்கொடவிலையில் படித்தவரின் ஐந்தொகையும் ஒரே மாதிரித்தான் சமப்பட வேண்டும்.

சரி, படிப்புக்குள் போவோம். உயர்தரக் கணக்கீட்டுத் தாளை நினைத்துப் பாருங்கள். கேள்வியின் கீழே மேலதிகத் தகவல்கள் என்று சில வரிகள் இருக்கும். கடன்பட்டோர் மீது 5% ஐயக்கடன் ஏற்பாடு செய்க, மோட்டார் வாகனத்துக்கு வருடம் 20% பெறுமானத் தேய்வு, இறுதி இருப்பு இவ்வளவு. அந்த இலக்கங்களை எடுத்துச் சரியான இடத்தில் போட்டால் புள்ளி. இதில் கெட்டிக்காரராக வந்த பிள்ளை, தனக்குக் கணக்கீடு தெரியும் என்று நம்பித்தான் கம்பஸுக்கு வருகிறது. நம்பிக்கை முழுக்கப் பிழையில்லை, பதிவு செய்யத் தெரியும். ஆனால் வேலைத்தலத்தில் அந்த 5%ஐ எடுத்துத் தர யாரும் இருக்கமாட்டார்கள். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் பருப்பும் மொத்தமாகக் கொடுக்கும் ஒரு வியாபாரிக்கு நாடு முழுக்கக் கடைகளில் கடன் நிலுவை இருக்கும், பாதிப் பேர் பின்திகதியிட்ட காசோலை கொடுத்திருப்பார்கள், சிலரின் காசோலை ஒரு தடவை திரும்பி வந்து பிறகு காசாகியிருக்கும், ஒருவர் கடையையே மூடியிருப்பார், இன்னொருவர் முதலாளியின் மைத்துனர் என்பதால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதில் எவ்வளவு வராமல் போகும்? அந்த இலக்கத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும், உண்டாக்கிய பிறகு ஏன் 5%, ஏன் 12% இல்லை என்று கேட்பவருக்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

இப்போது நடைமுறையிலுள்ள இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9 இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. கடன் கெட்டுப்போன பிறகு நட்டம் எழுதும் பழைய முறை போய்விட்டது. எதிர்காலத்தில் எவ்வளவு வராமல் போகலாம் என்று இன்றைக்கே மதிப்பிட்டு எழுத வேண்டும். அதற்குக் கடந்த வருஷங்களின் தரவு வேண்டும், அதை வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும், பொருளாதாரம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கணிப்பும் வேண்டும். கணக்கீடு, புள்ளிவிபரம், பொருளியல் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன. முதலாம் வருஷத்தில் நமக்கு எதற்கு இந்தப் புள்ளிவிபரம் என்று நினைத்து, பாஸ் ஆனால் போதும் என்று விட்ட பாடம் இங்கேதான் திரும்ப வந்து கேட்கிறது.

இன்னொரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் நம் நாட்டில் இதை எல்லோரும் அனுபவித்தோம். 2022 ஆரம்பத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். புறக்கோட்டை இறக்குமதியாளர் ஒருவர் பெப்ரவரியில் 10,000 டொலருக்குச் சாமான் கடனுக்கு எடுக்கிறார் என்று வையுங்கள். கொள்வனவு 20 இலட்சம், கடன்கொடுத்தோர் 20 இலட்சம், பதிவு முடிந்தது. மார்ச் மாதம் ரூபாயை மிதக்க விட்டார்கள், அதாவது அதன் பெறுமதியைச் சந்தையிடம் விட்டார்கள். மார்ச் 31, வருஷ முடிவு, டொலர் ஏறத்தாழ 300. சாமான் இன்னும் களஞ்சியத்தில், வெளிநாட்டுக்காரருக்குக் காசு இன்னும் போகவில்லை. இப்போது ஐந்தொகையில் என்ன எழுதுவது?

கணக்கீட்டு நியமம் 21 சொல்வதன்படி, வெளிநாட்டு நாணயத்தில் கொடுக்க வேண்டிய கடனை வருஷ முடிவு விலைக்கு மாற்ற வேண்டும். ஆகவே கடன்கொடுத்தோர் 30 இலட்சம். செலாவணி நட்டம் 10 இலட்சம் வரவுப் பக்கத்தில், கடன்கொடுத்தோர் 10 இலட்சம் செலவுப் பக்கத்தில். சாமான்? அது காசு இல்லை, காசாகப் பெறும் உரிமையும் இல்லை, அதனால் வாங்கிய அன்றைய விலையான 20 இலட்சத்திலேயே நிற்கும். ஒரே கொடுக்கல் வாங்கலின் ஒரு பக்கம் ஏறுகிறது, மறு பக்கம் அசையாமல் நிற்கிறது. முதலாளி கோபப்படுவார், நியாயமான கோபம்தான்: தம்பி, டொலர் ஏறினதால சாமானின் விலையும் ஏறிப்போச்சு, நாளைக்கே 35 இலட்சத்துக்கு விற்பேன், எனக்கு எப்படி 10 இலட்சம் நட்டம் எண்டு எழுதுறீர்?

பதிவைச் செய்ய மட்டும் தெரிந்த பிள்ளை, நியமம் அப்படித்தான் சேர் என்று நிறுத்திவிடும். அந்தப் பதில் யாருக்கும் போதாது. இருப்பைப் பற்றிய நியமம் 2, வாங்கிய விலையோடு விற்றால் செலவு போகக் கையில் மிஞ்சும் தொகையை ஒப்பிட்டு, எது குறைவோ அதை எழுதச் சொல்கிறது. விற்பதற்கு முன் இலாபத்தை எழுத அது விடாது. கடனோ இன்றைக்கே 30 இலட்சம் கேட்கும் கடன், விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது நிற்கும். சாமானை விற்றதும் அந்த இலாபம் அடுத்த வருஷத்தில் வந்து சேரும், ஆகவே இரண்டு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் முதலாளி சொல்வதும் சரி, இந்த வருஷக் கணக்கும் சரி. வங்கிக்குக் கணக்கைக் கொடுக்கும்போது இதைக் குறிப்பாக எழுதலாம், வங்கி அதிகாரியோடு இருந்து விளக்கலாம். இவ்வளவையும் ஒரு முதலாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய கோபத்துக்குப் பயப்படாமல் சொல்ல வேண்டும். கணக்காளருக்குக் கொடுக்கும் சம்பளத்தின் பெரும் பங்கு இதற்குத்தான். பதிவை மென்பொருள் நொடியில் போட்டுவிடும், முதலாளியின் எதிரே இருந்து இந்த விளக்கத்தை அதனால் சொல்ல முடியாது.

அந்த மே மாதம் டொலர் 360 அளவுக்குப் போனது. அதுவரை பரீட்சைக்காக மட்டும் படித்த நியமம் 21 ஒரே காலாண்டில் கொழும்பின் ஒவ்வொரு இறக்குமதிக் கம்பனியிலும் முதல் பிரச்சினையாக வந்தது. நாளைக்கு எந்த நியமம் முன்னுக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நியமத்தின் பந்தியை மனப்பாடம் செய்தவரும் அந்தப் பந்தி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று புரிந்தவரும் பிரிவது அந்த நேரத்தில்தான்.

வரியும் அப்படியே. பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 8% ஆனது, 2022 ஜூனில் 12%, அதே வருஷம் செப்டெம்பரில் 15%, 2024 ஜனவரியில் 18%. 2020இல் கம்பஸுக்குள் போய் 2024இல் வெளியே வந்த ஒரு பிள்ளை படிப்புக்காலத்திலேயே நாலு வீதங்களைப் பார்த்துவிட்டது. வீதத்தைப் பாடமாக்கியதில் எந்தப் பிரயோசனமும் இல்லை. விற்பனையில் அறவிட்ட வரியிலிருந்து கொள்வனவில் கொடுத்த வரியைக் கழிப்பது ஏன், எந்தத் திகதியில் வழங்கல் நடந்ததாகக் கொள்வது, வீதம் மாறும் நாளுக்கு முன் காசு வாங்கிப் பின்னால் சாமான் கொடுத்தால் எந்த வீதம் என்பதெல்லாம் வீதம் மாறினாலும் மாறாத விஷயங்கள். வருமான வரிக்கு, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தை எடுத்து நேரடியாக வாசித்துப் பழகுங்கள். குறிப்புப் புத்தகம் வசதிதான், ஆனால் திருத்தம் வந்த அடுத்த நாள் அந்தப் புத்தகம் உதவாது, சட்டத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது பிரச்சினையே இல்லை.

கணக்காய்வுப் பாடத்தைப் பிள்ளைகள் சலிப்பான பாடம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய கோல்டன் கீ கம்பனி 2008 டிசம்பரில் விழுந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வைப்புப் பணம் முடங்கியது. ஓய்வூதியக் காசு, பிள்ளையின் சீதனக் காசு, வீடு விற்ற காசு என்று கொண்டுபோய்ப் போட்டவர்கள். ஒரு கம்பனி வழமையான வங்கி வட்டியைவிட அதிகம் தருகிறது என்றால் அது எந்த வருமானத்திலிருந்து வருகிறது என்று கேட்கும் ஆள் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கவும் பதில் வரும்வரை விடாமல் நிற்கவும் பழக்குவதுதான் இந்தப் பாடம்.

இதற்கு ஒரு சுலபமான பயிற்சி இருக்கிறது, காசும் தேவையில்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் எல்லாம் ஆண்டறிக்கையை இணையத்தில் போடுகின்றன. உங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பனியை எடுங்கள், நீங்கள் சாமான் வாங்கும் கார்கில்ஸ், வீட்டில் கணக்கு வைத்திருக்கும் வங்கி, எதுவானாலும் சரி. முன்பக்கத்துப் படங்களைத் தாண்டிப் போய் முதலில் கணக்காய்வாளரின் அறிக்கையைத் திறவுங்கள். அதில் முக்கிய கணக்காய்வு விடயங்கள் என்று ஒரு பகுதி வரும். கணக்காய்வாளர் எந்த இலக்கங்களைப் பற்றி அதிகம் யோசித்தார், எப்படிப் பரிசோதித்தார் என்று அங்கே எழுதியிருக்கும். வங்கியென்றால் பெரும்பாலும் கடன் நட்ட ஏற்பாடு, காணி வைத்திருக்கும் கம்பனியென்றால் காணி மதிப்பீடு. பிறகு அங்கே சொன்ன குறிப்பு இலக்கத்துக்குப் போய் அந்த இலக்கம் எப்படி வந்தது என்று தேடுங்கள். மாதம் ஒரு அறிக்கையை இப்படி வாசித்தால் மூன்றாம் வருஷம் வரும்போது வகுப்பில் நீங்கள் கேட்கும் கேள்வியே மாறியிருக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தமிழ் மொழிமூலம் உயர்தரம் எடுத்து வரும் பிள்ளைகளுக்கு முதலாம் வருஷம் கடினம், அதை மறைத்துப் பிரயோசனமில்லை. ஹட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள், கணக்கில் முதல் ஆளாக இருந்தவர்கள், விரிவுரையில் வாய் திறக்காமல் பின்வரிசையில் இருப்பதைப் பார்க்கக் கவலையாக இருக்கும். கணக்கீட்டுச் சொற்கள் சில மாதங்களில் பழகிவிடும், அவை அளவுக்குட்பட்டவை. உண்மையான கஷ்டம் எழுதுவதில். கணக்காய்வில் வாடிக்கையாளருக்கு ஒரு விளக்கம் கேட்டு எழுதும் கடிதம், பரிசோதித்ததைப் பதியும் வேலைத்தாளின் அடியில் எழுதும் முடிவு, மேலதிகாரிக்குப் போடும் மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கமாக, யாரையும் குற்றம் சாட்டும் தொனி வராமல் எழுத வேண்டும். முதலாம் வருஷத்திலிருந்தே வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே சொன்ன ஆண்டறிக்கையில் வாசித்ததை உங்கள் வசனத்தில் எழுதினால் போதும். சிங்களமும் பேசப் பழகுங்கள், களஞ்சியப் பொறுப்பாளரோடும் லொறிச் சாரதியோடும் ஆங்கிலத்தில் பேசி இருப்பு எடுக்க முடியாது.

அடுத்தது, எதை எப்போது தொடங்குவது. நமது நாட்டில் உயர்தரம் எழுதி முடித்துப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்வரை நீண்ட இடைவெளி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஏஏரி செய்வது நல்ல யோசனை. 1987இல் தொடங்கிய அமைப்பு, நாரஹேன்பிட்டியில் இருக்கிறது, தமிழிலும் பரீட்சை எழுதலாம். பதிவு, அடிப்படைச் செலவுக் கணக்கீடு, வரி ஆகியவற்றில் கை பழகும், அது கையில் இருந்தால் ஒரு சின்ன வேலையும் எடுக்கலாம், பிறகு சீ.ஏ.யில் சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கும். கம்பஸ் தொடங்கியதும் முதல் வருஷத்தில் வேறு எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், மொழியும் இடமும் பிடிபட அந்த வருஷம் வேண்டும். இரண்டாம் வருஷத்திலிருந்து சீ.ஏ. பாடங்களைக் கம்பஸ் பாடங்களோடு ஒட்டி எடுக்கலாம். இந்த செமஸ்டரில் கணக்காய்வு படிக்கிறீர்கள் என்றால் அதே காலத்தில் சீ.ஏ.யின் கணக்காய்வுத் தாள், ஒரு படிப்பில் இரண்டு பரீட்சை. ஒவ்வொரு பட்டத்துக்கும் எந்தப் பாடங்களுக்கு விலக்கு என்பதை நிறுவகத்தில் நேரே கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள். பாடத்திட்டம் மாறும்போது விலக்கும் மாறும், சீனியர் அண்ணா சொன்னதை நம்பிப் பதியாதீர்கள்.

ஏ.சி.சி.ஏ., சீமா போன்ற பிரித்தானியக் கணக்கீட்டுத் தகைமைகளும் கொழும்பில் பிரபலம். ஏ.சி.சி.ஏ.யில் மொத்தம் 13 தாள்கள், பொருத்தமான பட்டம் இருந்தால் 9 வரை விலக்கு கிடைக்கலாம், 36 மாத வேலை அனுபவமும் வேண்டும். வெளிநாட்டில் வேலை தேடுபவர்களுக்கு நல்லது. ஆனால் கட்டணம் பவுணில். விலக்குக்கும் தனிக் கட்டணம். 2022இல் ரூபாய் விழுந்தபோது அதே தாளுக்கு ரூபாயில் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டி வந்தது, பாதி வழியில் இருந்த பல பிள்ளைகள் அத்தோடு நிறுத்தினார்கள். வீட்டு வருமானம் ரூபாயில் என்றால், கடைசித் தாள்வரை எவ்வளவு பவுண் வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஒரு கணக்குப் போடுங்கள். தனியார் பட்டங்களைப் பற்றியும் இதையே சொல்வேன்: சேரும் முன் பட்டத்தை வழங்குவது யார், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா, தொழில்சார் அமைப்புகள் என்ன விலக்குத் தருகின்றன, இந்த மூன்றையும் கடிதமாகக் கேளுங்கள். தெளிவாகப் பதில் தராத இடத்தில் காசைக் கட்டாதீர்கள்.

பயிற்சிக்காலத்தைப் பற்றிப் பலருக்குத் தவறான படம் இருக்கிறது. டை கட்டிக்கொண்டு கணனி முன்னால் இருப்பது பிறகு வரும். மார்ச் 31ஆம் திகதி விடிய ஒரு களஞ்சியத்தில் நிற்பதுதான் பலருக்கு ஆரம்பம். கூரைத் தகரத்தில் வெயில் அடிக்கும், கையில் இருப்புத் தாள், பக்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். தாளில் இருக்கும் சில பொருட்களைத் தெரிவுசெய்து களஞ்சியத்தில் போய் எண்ண வேண்டும், பிறகு களஞ்சியத்தில் கண்ணில் படும் சிலவற்றை எடுத்துத் தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது, இல்லாததை இருப்பதாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க. இரண்டாவது, இருப்பதை எழுதாமல் விட்டிருக்கிறார்களா என்று பார்க்க. பெட்டி அடுக்கின் முன்வரிசையை மட்டும் எண்ணி ஆழத்தால் பெருக்கிவிட்டு வந்தால், நடுவில் வெற்றிடம் இருப்பது தெரியாது, ஏறிப் பார்க்க வேண்டும், சில பெட்டிகளைத் திறக்க வேண்டும். அன்றைய கடைசிப் பொருள் பெறுகைச் சீட்டின் இலக்கத்தையும் கடைசி விநியோகச் சீட்டின் இலக்கத்தையும் குறித்து வைக்க வேண்டும். இரண்டு கிழமை கழித்து, வாசலில் நின்ற லொறியின் சாமான் இந்த வருஷமா அடுத்த வருஷமா என்ற பிரச்சினை வரும்போது அந்த இரண்டு இலக்கங்கள்தான் தீர்க்கும். தூசு படிந்து ஒரு மூலையில் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்ததும், இது எப்போது வந்தது, கடைசியாக எப்போது விற்றது என்று கேட்க வாய் வர வேண்டும். நியமம் 2ஐக் கம்பஸில் விளங்கிப் படித்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாக வரும். மனப்பாடம் செய்த பிள்ளை தூசைத் தட்டிவிட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு வரும்.

பட்டத்தையும் பயிற்சியையும் ஒரே பாதையில் வைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். பட்டத்தின் கடைசிப் பகுதியில் வரும் பயிற்சிக்காலத்தை ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் எடுத்து, சேரும் முதல் கிழமையிலேயே சீ.ஏ. பயிற்சியாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். பதிவில்லாமல் செய்த மாதங்கள் பிறகு கணக்கில் வராமல் போகலாம்.

லண்டன், சிட்னிக் கம்பனிகளின் கணக்குகள் இப்போது கொழும்பிலிருந்தே எழுதப்படுகின்றன, அந்த வேலைகளும் நிறைய உண்டு, சம்பளமும் பரவாயில்லை. ஆனால் முதல் வேலையாக அதையே எடுத்தால், ஒரே வங்கிக் கணக்கிணக்கத்தை, ஒரே சம்பளப் பட்டியலை வருஷக்கணக்கில் செய்து கொண்டிருக்கும் அபாயம் இருக்கிறது. மென்பொருள் முதலில் எடுத்துக்கொள்ளப் போவதும் அந்த வேலையைத்தான்.

பயிற்சிக்கு எந்த நிறுவனம்? எல்லோரும் பெரிய பெயரைத்தான் தேடுகிறார்கள். பெரிய இடத்தில் வங்கியும் காப்புறுதியும் பட்டியலிட்ட கம்பனிகளும் பார்க்கலாம், ஒழுங்கான பயிற்சி, வேலைத்தாள் முறை எல்லாம் கிடைக்கும், ஆனால் முதல் வருஷம் முழுக்க ஒரு பெரிய வங்கியின் ஒரு சின்னப் பகுதியோடேயே போய்விடலாம். நடுத்தர, சிறிய நிறுவனத்தில் ஒரு வியாபாரத்தின் கணக்கைத் தொடக்கத்திலிருந்து வரிப் படிவம்வரை ஒரே ஆள் கொண்டுபோவீர்கள், முதலாளியோடு நேரே பேசுவீர்கள், அதே நேரம் சிக்கலான நியமங்களைக் காணும் வாய்ப்புக் குறைவு. நேர்முகத்தில் அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு நீங்களும் கேளுங்கள்: முதல் வருஷத்தில் எத்தனை துறைக் கம்பனிகளைப் பார்ப்பேன், என் வேலைத்தாளை யார் பார்த்துத் திருத்துவார், பரீட்சைக்கு எத்தனை நாள் லீவு, வரிப் பிரிவுக்கு மாற முடியுமா. கொடுப்பனவைக் கடைசியாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள், ஏனென்றால் வெள்ளவத்தை அறை வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அது போதாவிட்டால் மிச்சத்தை வீட்டிலிருந்து எவ்வளவு காலம் அனுப்பலாம் என்று அம்மா அப்பாவோடு இருந்து பேசிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்.